பள்ளிக்கூடத்து நூலகத்தை ஏன் கொடுத்தேன்?

பதிவு கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். உங்களில் பலருக்கும் இப்போது அது தேவைப்படும் வயதுதான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் நம் நூலகம் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தால் விளையாட்டுச் சாமான்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்தனவாம். அன்று இரவே குழுவில் ஒருவன் குரல்பதிவு போட்டுவிட்டான். "சார், நீங்க பாத்துப் பாத்து வளத்த லைப்ரரி. அதைத் தூக்கி கவர்ன்மெண்ட்கிட்ட குடுத்துட்டீங்களாமே, ஏன் சார்?" அதற்குக் கீழே இருபது அழுகைப் படங்கள். எங்கள் சித்தப்பா மகன் வேறு, இதுதான் சமயம் என்று, "நானும் பத்து வருஷமா இதைத்தான் கேக்குறேன்" என்று எழுதிவிட்டான்.

குழுவில் நாலு வரியில் சொன்னால் தப்பாகப் போகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1981-ல் நான் இந்தப் பள்ளிக்கு வரும்போது நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருந்த ஒரு பூட்டிய பீரோ. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் திறப்பார்கள். 1988-ல் எங்கள் பெரியப்பா காலமானார். அவர் புத்தகப் பைத்தியம். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய கல்கி, மு.வ., சாண்டில்யன், ஜெயகாந்தன், பைண்டு பண்ணிய வார இதழ்த் தொடர்கதைகள், சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். பெரியம்மா, "கரையான் திங்குறதுக்குப் பிள்ளைங்க படிக்கட்டும்பா" என்று என்னிடம் கொடுத்தார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர் நல்ல மனிதர். கிணற்றடி அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகமும் பெரியப்பா புத்தகமும் ஒரே அறைக்கு வந்தன. பகலில் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ஊர்க்காரர்களுக்கு. அப்படித்தான் அது பள்ளிக்கும் ஊருக்கும் பொதுவான நூலகமாயிற்று.

சாவி என்னிடம். பதிவேடு என்னிடம். இருபத்தாறு வருஷம்.

நான் எப்படி நடத்தினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். யாருக்கு என்ன புத்தகம் என்று நான்தான் முடிவு செய்வேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை நாவலைக் கையில் எடுத்தால், "பரீட்சை முடியட்டும்" என்று வாங்கி மறுபடி பீரோவில் வைத்துவிடுவேன். பெண் பிள்ளைகளுக்கு இது, பையன்களுக்கு இது என்று மனசுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. அதையெல்லாம் அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை.

2014 மே மாதம் ஓய்வு பெற்றேன். சாவியைக் கொடுக்க மனசு வரவில்லை. புதிய தலைமையாசிரியை மரியாதைக்காரர். "நீங்களே வச்சுக்கங்க சார், சாயங்காலம் வந்து திறங்க" என்றார். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அதற்குள் சுற்றுச்சுவர் கட்டி முடித்து இரும்பு கேட் போட்டாயிற்று. பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்ட வேண்டும், வெளியாட்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சொன்னது, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த "வெளியாட்கள்" பட்டியலில் இப்போது நானும் உண்டு என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. சாயங்கால நூலகம் நின்றுபோயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்டுச் சாவி ஒன்று எனக்கும் தர வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு அலைந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு நாள், உங்கள் டீச்சரம்மாவின் ரவிக்கைத் துணியைக் கொடுக்க ரோட்டுக் கடைக்குப் போனேன். தையல் கடை வைத்திருக்கும் பெண் நம் பள்ளியில் படித்தவள். பெயர் வேண்டாம், இந்தப் பதிவை அவளும் படிப்பாள். எழுதட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அளவு ரவிக்கையை மடித்து வைத்துக்கொண்டே, "சார், நம்ம லைப்ரரில அந்த அம்புலிமாமா பைண்டு இன்னும் இருக்கா? எம் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

"இருக்கும்மா. இத்தனை வருஷம் சாயங்காலம் திறந்துதானே வச்சிருந்தேன். வந்து எடுத்திருக்கலாமே?"

சிரித்தாள். "பெயிலானவ எப்படி சார் அந்த கேட்டுக்குள்ள வர்றது? அந்த வராண்டாவ நெனச்சாலே கை வேர்க்குது."

1999-ல் பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் 31 மதிப்பெண். நாலு மதிப்பெண்ணில் போயிற்று. கணக்கு வாத்தியார் நான்தான். அந்த வராண்டாவில் அவளை எத்தனை நாள் நிற்க வைத்திருப்பேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

வீட்டுக்கு வந்து பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது பெரிய நோட்டுகள். இரண்டு நாள் ஆயிற்று. சாயங்காலம் புத்தகம் எடுத்த பெரியவர்களை மட்டும் தனியாகக் குறித்தேன். இருபத்தாறு வருஷத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேர். பெண்கள் பதினான்கு, அதிலும் பாதிப் பேர் நம் பள்ளி டீச்சர்கள். பத்தாவது தாண்டாதவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர். காலனித் தெருவிலிருந்து மூன்றே பேர். மூவரும் அரசு வேலையில் இருந்தவர்கள்.

காலனிப் பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர் படித்தார்கள்! வகுப்பில் இருக்கும் வரை என்னிடம் புத்தகம் வாங்கிப் படித்த பிள்ளைகள், படிப்பை நிறுத்தியபின் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. யாரும் தடுக்கவில்லைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டுமானால் கோயில் தெரு வழியாகத்தான் வர வேண்டும். பையில் புத்தகத்தோடு வரும் பிள்ளையாக இருந்தால் சரி. வயலில் வேலை முடித்து, கைலியோடு, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவின் திண்ணைகளைக் கடந்து கதைப் புத்தகம் வாங்க வருவது எப்படி என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. என்ன தெரிந்திருக்கப் போகிறது.

இதற்குப் பிறகு நடந்தது சின்ன விஷயம். ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கட்டப் போனேன். எனக்கு முன்னால் காலனியிலிருந்து ஒரு பெரியவர். ரசீதை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க வாத்தியாரய்யா" என்றார். வீட்டு வரி என்று ஒரு தொகை. அதற்குக் கீழே நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. நானும் வருஷா வருஷம் கட்டுகிறேன், அந்த வரியை நின்று படித்ததில்லை.

உங்களுக்கும் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நாம்தான். அதற்குப் பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான ரங்கநாதன். அந்தச் சட்டப்படிதான் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் உண்டு. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பதிலுக்கு ஊரில் இருந்ததோ என் தயவில் இரண்டு மணி நேரம் திறக்கும் ஓர் அறை.

அந்தப் பெரியவரிடம், "நூலகத்துக்கும் சேத்து வாங்கியிருக்காங்க" என்றேன். "அது எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஊரில் ஒரு நூலகக் கட்டடம் இருக்கத்தான் செய்தது. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டினார்களே, அதுதான். ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில். கொஞ்ச நாள் திறந்திருந்தது, பிறகு பூட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, பழைய குழல் விளக்குகள், ஒரு மூலையில் நாய் குட்டி போட்டிருந்தது. புத்தகம் இருக்கும் இடத்தில் ஆள் நுழைய முடியாது. ஆள் நடமாடும் இடத்தில் புத்தகம் இல்லை.

கேட்டுச் சாவி மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மனு எழுதினேன். ஊராட்சி அந்தக் கட்டடத்தை நூலகத் துறைக்கு விட வேண்டும், நம் புத்தகங்களை நன்கொடையாக எடுத்துக்கொண்டு பகுதி நேர நூலகம் ஒன்று திறக்க வேண்டும், அது துறை நூலகமாக, துறையின் ஆள் நடத்துவதாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். எங்கிருந்து வரும் என்றுதான் தெரியவில்லை. முதலில் வந்தது எங்கள் வீட்டிலிருந்தே. அறை வாசலில் பெரியப்பா பெயரில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தோம் அல்லவா? "கவர்ன்மெண்ட் லைப்ரரில பெரியப்பா பேரு இருக்குமா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். துறை நூலகத்துக்கு நம் இஷ்டப்படி பெயர் வைக்க முடியாது என்றேன். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் வருத்தம் நியாயம்தான். அந்தக் கல்லைப் பத்திரமாகப் பெயர்த்து நம் வீட்டுத் திண்ணையில்தான் வைத்திருக்கிறேன். பெரியப்பா உட்கார்ந்து படித்த இடமும் அதுதானே.

கோயில் தெருப் பெரியவர் ஒருவர், என் மேல் பிரியமுள்ளவர், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரோட்டுக்குப் போயிட்டா நம்ம பொம்பளப் பிள்ளைங்க எப்படிப் போகும்? அங்க யாரு யாரோ வருவாங்க வாத்தியாரே." யார் யாரோ வரத்தான் சார் அங்கே போகிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "வெளிச்சத்துக்கு விளக்கு போடச் சொல்லலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

2015 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வந்தது. பேச ஆள் வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். தையல் கடைக்காரி எழுந்தாள். முழுசாக ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "என் கடையிலேருந்து எட்டு எட்டு வச்சா அந்தக் கட்டடம். நான் போவேன். எம் பொண்ணையும் கூட்டிட்டுப் போவேன்." உட்கார்ந்துவிட்டாள். தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு வந்த தலைவலிதான் பெரிது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் அரசுச் சொத்து, இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது, வெளியே கொடுக்க முடியாது. ஊர் கொடுத்த புத்தகம்தான் போக முடியும். இருபத்தாறு வருஷமாக இரண்டும் ஒரே பீரோவில் கலந்து கிடக்கின்றன. பள்ளிக்கூட முத்திரை வட்டம். ஊர் நூலக முத்திரை சதுரம், அது நம் ஊர்த் தச்சர் மரத்தில் செதுக்கிக் கொடுத்தது. சில புத்தகத்தில் இரண்டும் இருந்தன, சிலதில் எதுவுமே இல்லை. தலைமையாசிரியையும் நானும் கோடை விடுமுறையில் பதினோரு நாள் உட்கார்ந்து பிரித்தோம். பாகப் பிரிவினை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் செய்தேன். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் முதலிரண்டும் வட்டம், நான்காவதும் ஐந்தாவதும் சதுரம். அதை எப்படிப் பிரிப்பது? தலைமையாசிரியை யோசித்துவிட்டு, தன் வீட்டிலிருந்த ஒரு முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் கொண்டுவந்து சதுர அடுக்கில் வைத்தார். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு வருகிறேன்.

பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகங்கள் பெரும்பாலும் வட்டம். அவை பள்ளியிலேயே வகுப்பறை அலமாரிகளில் இருக்கின்றன, தினமும் பிள்ளைகள் கையில் புரள்கின்றன. பொங்கலுக்கு வந்தவர்கள் கிணற்றடி அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

சதுரம் 1,640 புத்தகம். நூலகத் துறையிலிருந்து ஓர் அலுவலர் பார்க்க வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்து, தாளை மெல்ல வளைத்துப் பார்த்து, முறிகிறதை ஒரு பக்கமாக வைத்தார். பெரியப்பாவின் வார இதழ்த் தொடர்கதைகளில் முக்கால்வாசி அந்தப் பக்கம் போயிற்று. "சார், இதை வாசகர் கையில கொடுத்தா உதிந்துரும். வச்சுப் பாக்கத்தான் ஆகும்." எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் சொன்னது ரங்கநாதன் சொன்னதுதான். நூல் அடுக்கி வைத்து அழகு பார்க்க அல்ல, எடுத்துப் படிக்க என்பதுதானே அவருடைய முதல் விதி. 1931-ல் எழுதியது. அதே வருஷத்தில்தான் நம் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பி ஊர் ஊராகப் போனது. வண்டி கட்டிக்கொண்டு படிப்பவர் வாசலுக்குப் போயிருக்கிறார்கள். நான் எண்பத்தைந்து வருஷம் கழித்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான் தெரியுமோ? சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் பல்கலைக்கழக நூலகர் வேலைக்குப் போனார். போன வேகத்தில் அலுத்துப்போய், என்னைத் திரும்பக் கணக்குக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றாராம். என் கதை நேர்மாறு. என்னை நூலகத்திலிருந்து கிளப்பத்தான் இவ்வளவு பாடு.

2016 ஆவணியில் திறந்தார்கள். முதல் நாள் நான் உள்ளே போய்ப் பழக்க தோஷத்தில் மேசைக்கு அந்தப் பக்கமாக, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வந்திருந்த நூலகர் பெண் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கே உறைத்து எழுந்தேன். இந்தப் பக்கம் வந்து உறுப்பினர் படிவம் வாங்கி நிரப்பி, சந்தா கட்டினேன். நான் புரவலராகக் கட்டியதை வைத்துக்கொண்டு சும்மா எடுத்துப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பகுதி நேரம் என்பதால் சில மணி நேரம்தான் திறந்திருக்கிறது. நூலகர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் இல்லை. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, திறந்தபோது ஒரு வரிசைப் புத்தகம் கரையானுக்குப் போயிருந்தது. என் கையில் சாவி இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இதை நினைத்துப் பல ராத்திரி தூங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் நஷ்டம் உண்டு. இடைவேளை மணி அடித்ததும் ஓடி வந்து ஜன்னலில் தொங்கிக்கொண்டு புத்தகம் கேட்பீர்களே, அது இனி இல்லை.

ஆனால் இப்போது போய்ப் பாருங்கள். வாசலில் பத்துப் பன்னிரண்டு பைக் நிற்கும். போலீஸ் தேர்வுக்கும் குரூப் 4-க்கும் படிக்கிற பிள்ளைகள், பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் தினத்தந்தி படிக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் பையை வைத்துவிட்டு வந்து, லக்ஷ்மி நாவலை நின்றுகொண்டே ரெண்டு பக்கம் படித்துவிட்டுப் போகிற ஓர் அம்மாவை நானே பார்த்தேன். கோயில் தெருப் பெரியவரின் பேத்தியும் வருகிறாள். தெரு விளக்கு போட்டுவிட்டார்கள்.

நூலக வரி ரசீது காட்டினாரே அந்தப் பெரியவர், அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். "பேரன் உள்ள இருக்கான்" என்றார். வெயில் உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். "இருக்கட்டுங்க, காத்து நல்லா வருது" என்றார். போன மாதம் பார்த்தேன், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

தையல் கடைக்காரி பத்தாம் வகுப்புக் கணக்கைத் தனித்தேர்வராக எழுதி முடித்தாள். மதிப்பெண் 52. நான் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், யூடியூப்ல பாத்துக்கறேன்" என்றாள்.

கடைசியாக வேலை விஷயம். புத்தகம் அனுப்புகிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பழைய கைடு, வினா விடை, உங்கள் பிள்ளைகளின் கிழிந்த பாடப்புத்தகம் வேண்டாம். என்ன தேவை என்று நூலகரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், என்னைக் கேட்காதீர்கள். நான் இப்போது வெறும் உறுப்பினர். ஊரில் இருப்பவர்கள் வாசகர் வட்டத்தில் சேருங்கள். நூலகத்துக்கு முழு நேரம் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்து வேண்டும்.

பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம், கொலை வாள், சதுர முத்திரை போட்டது, 1994-ல் போனது இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்கிறது. இப்போது சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான், இந்தப் பதிவுக்கு முதல் லைக்கும் அவன்தான் போடுவான். அபராதம் வேண்டாம்டா. அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து ரோட்டு நூலகத்தில் கொடுத்துவிடு.